மூன்றாவது நீதிபதியின் வீடு

ஆவணி 2, திங்கள்

அந்த வழக்கு எங்கள் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிட்டது. இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்டு, சட்டம் செல்லும் என்று ஒருவரும் செல்லாது என்று ஒருவரும் எழுதிவிட்டார்கள். அப்படி ஆனால் மூன்றாவதாக ஒருவர் கேட்க வேண்டும். அவர் சாய்கிற பக்கம்தான் தீர்ப்பு. அந்த மூன்றாவது ஆளாக இவர்களைப் போட்டிருக்கிறது. மத்தியானம் இவர்களே போனில் சொன்னார்கள். புதுச் செய்தி சொல்லுகிற குரலாக இல்லை.

ஊரில் எல்லோரும் அதைக் கையெழுத்துச் சட்டம் என்கிறார்கள். இருபத்தைந்து வயது ஆகாத, கல்யாணம் ஆகாத பெண், வேலையில் சேரவோ வெளியூரில் தங்கவோ கல்யாணத்தைப் பதியவோ தகப்பனார் கையெழுத்து வேண்டும். தகப்பனார் இல்லாவிட்டால் அண்ணன், அண்ணன் இல்லாவிட்டால் தாய்மாமன். தாயார் கையெழுத்து செல்லாது. நல்லதற்குத்தான் கொண்டு வந்திருப்பார்கள்.

அம்மனுக்கு ஒன்பது சுற்று அதிகமாகச் சுற்றினேன். மொத்தம் முப்பத்தாறு.

ஆவணி 4, புதன்

கேஸ் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. ஏழு கட்டு. தேதி வாரியாகப் பிரித்து, நூல் மாற்றி, ஓரத்தில் சீட்டு ஒட்டி வைப்பது என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே இவர்கள் கட்சி வக்கீலாக இருந்த நாளில், இந்த மாதிரிக் கட்டுகளை வைத்துக்கொண்டுதான். "கிளார்க்க விட ஒன் சீட்டுதான் சரியா இருக்கு உலகு" என்பார்கள். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் அது.

வழக்குப் போட்ட பெண்ணின் மனுவை வாசித்தேன். பெயர் சுடலைவடிவு. இருபத்திரண்டு வயது. நர்சு படிப்பு முடித்து வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தகப்பனார் அரிசி மில் வைத்திருக்கிறார், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அத்தை மகனுக்குக் கட்டி வைக்க ஏற்பாடு. அவனுக்கு இது இரண்டாம் தாரம். முதல் பெண்சாதி வீட்டுக் கிணற்றில் கிடந்தாளாம். அதன் பேரில் வழக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பெண் ஓடிவந்து அரசாங்கக் காப்பகத்தில் இருக்கிறாள். சட்டம் செல்லாது என்றால் வேலைக்குப் போகலாம். செல்லும் என்றால் தகப்பனார் வீடு.

கிணற்றைப் பற்றிய தாளுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். மஞ்சள் என்றால் அவசியம் பார்க்க வேண்டியது என்று எங்களுக்குள் கணக்கு.

நல்லெண்ணெய் அரை டின். புளி பழையது தீர்ந்தது.

ஆவணி 6, வெள்ளி

கார்மேகம் அண்ணாச்சி வந்திருந்தார்கள். இவர்கள் கட்சிக்கு வாதாடிய காலத்தில் கூடவே இருந்தவர். இப்போது தலைநகரத்தில் பெரிய இடங்களுக்கெல்லாம் போய்வருகிறவர். நீதிபதி வீட்டுக்கு வருகிறதால் கட்சிக்கரை இல்லாத வேட்டி கட்டி வந்தார்கள். அந்த மரியாதை தெரிந்தவர்.

வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். சட்டம் செல்லாது என்று எழுதிய அந்த நீதிபதி அம்மாளை வடக்கே மலைப்பக்கம் ஒரு கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கே ஆறு மாதம் பனி என்று சொன்னார்கள். இவர்களுக்கு மாசியோடு ஓய்வு வருகிறதே என்று வருத்தப்பட்டார்கள். பிறகு என்னிடம் திரும்பி, ஏதோ ஒரு கவர்னர் மாளிகையைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

"அங்கன பூசை ரூம்பு மட்டுமே இந்த வீட்டத்தண்டி இருக்கு மதினி. கல்லுல கட்டுனது. ஆனா வெளக்கேத்த ஆளில்ல. இருக்கவன் கும்பிடவே மாட்டான். நீங்க போனாத்தான் சாமிக்கே சோறு."

இவர்கள் தட்டைப் பார்த்தபடி அடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணாச்சிக்கு இன்னொன்று வைத்தேன். மொத்தம் ஐந்து சாப்பிட்டார்கள்.

ஆவணி 13, வெள்ளி

அம்மன் கோயிலில் தெற்குப் பிராகாரம் சுற்றுகிறபோது ஒரு பெண் குறுக்கே வந்தாள். எண்ணெய் வைக்காத தலை. கூட நடுத்தர வயதில் ஒருத்தி, தூண் பக்கம் தள்ளி நின்றாள்.

"நான்தான் வடிவு," என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. "ஐயா கிட்ட இருக்க கேசு. தப்பா நெனைக்காதிய அம்மா. வெள்ளிக்கெழம தவறாம இங்க வருவியன்னு இந்த அக்கா சொன்னாவ. சாமி கும்பிடுதவுக ஒரு வார்த்தைய மறைக்க மாட்டாவன்னு நம்பி வந்தேன்."

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சட்டத்த விடுங்க. அதெல்லாம் வக்கீலு பேசுவாவ. எங்கப்பா வீட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் கெணத்துல அவள நான் பாத்தேன் அம்மா. கால்ல கயிறு கட்டிக் கெடந்துது. தானா விழுந்தவ கால்ல எதுக்குக் கயிறு?"

கயிறு மனுவில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அப்பா ஜெயிலுக்குப் போய்விடுவார், கயிற்றை அறுத்தது அப்பாதான் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அரைமூடித் தேங்காயும் பூவும் கொடுத்தேன். இவர்களிடம் சொல்கிறேன் என்று அம்மன் சந்நிதியைப் பார்த்துச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சொன்னபடி செய்துவிட்டேன். சாயந்திரம் இடியாப்பம் சாப்பிடுகிற போதே சொன்னேன். புருஷனிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. இவர்கள் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, எத்தனை மணிக்கு, யார் கூட வந்தது, எங்கே நின்றாள், முதலில் பேசியது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. மணி ஆறு இருபது என்பதுகூட. ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள்.

கயிற்றையும் சொன்னேன். அதை மட்டும் குறிக்கவில்லை. "ரிக்கார்டுல இல்லாதது" என்றார்கள்.

ஆவணி 14, சனி

கூட வந்த காப்பக வார்டன் பெயர் அன்னத்தாய். கோயிலில் காதில் விழுந்ததை நேற்று அன்னம்மாள் என்று தவறாகச் சொல்லிவிட்டேன். காலையில் திருத்திச் சொன்னேன்.

ஆவணி 23, திங்கள்

வாதம் முடிந்தது. நான்கு நாள் கேட்டார்கள். தீர்ப்பு ஒத்திவைப்பு.

வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை காலையில் ஒன்று என்பது இப்போது இரண்டு. கட்டுகளைத் திரும்ப அடுக்கும்போது பார்த்தேன். கிணற்றுத் தாளில் ஒட்டிய மஞ்சள் சீட்டைக் காணோம். பசை காய்ந்து விழுந்திருக்கும். நான் எப்போதும் சோற்றுப் பசைதான் வைப்பது.

மகள் ஆவுடைக்குப் போன் போட்டேன். புனாவில் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வருகிறேன் என்றாள். அவளுக்கு வருகிற தை வந்தால் இருபத்திமூன்று முடிகிறது.

ஆவணி 27, வெள்ளி

இவர்கள் என்னைப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

நானாகக் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து இவர்கள் சாமியிடம் எதையும் கேட்டதில்லை. சட்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்று, "ஒரு பூக்கட்டிப் பாரேன் உலகு. மனசுக்கு ஒரு புடிமானம் வேணும்" என்றார்கள். வெள்ளை வந்தால் சட்டம் நிற்கட்டும், சிவப்பு வந்தால் விழட்டும். இரண்டு பொட்டலத்தையும் நான் கட்டி அம்மன் படத்தின் முன்னே போட வேண்டும், இவர்கள் குளித்துவிட்டு வந்து எடுப்பார்கள். கட்டுகிறவர் எடுக்கக்கூடாது, எடுக்கிறவர் பார்க்கக்கூடாது, இரண்டாவதைப் பிரிக்கவே கூடாது. இது எங்கள் தென்காசிப் பக்கத்து முறை.

வழக்கமாகப் பூக்கடைக்குப் போவேன். இன்று மழைத்தூறல், போகவில்லை. பின்கட்டில் நந்தியாவட்டை தாராளமாகப் பூத்திருக்கிறது.

பறித்தது: நந்தியாவட்டை இரண்டு கைப்பிடி. செவ்வரளி: இல்லை.

வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டினேன். இரண்டும் ஒரே கனம், ஒரே முடிச்சு. கட்டுகிறபோது அண்ணாச்சி சொன்ன அந்தக் கல் பூசையறை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். குளிர்ச்சியாக இருக்கும். கால் வலி உள்ளவளுக்குக் கல்தரை ஆகாது, ஒரு பாய் போட்டுக்கொள்ளலாம்.

இவர்கள் ஈர வேட்டியோடு வந்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்கள். வெள்ளை.

"அம்மா சொல்லிட்டா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் மூன்று தோசை சாப்பிட்டார்கள்.

ஆவணி 28, சனி

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நந்தியாவட்டைத் தூரிலேயே புதைத்தேன்.

புரட்டாசி 6, திங்கள்

தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். சட்டம் செல்லும். பெண்ணைத் தகப்பனாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

டீவியில் இவர்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு, "நீதியரசர் சிவனணைந்தபெருமாள் அதிரடி" என்று எழுதினார்கள். இரண்டு கோஷ்டி சண்டை போட்டது. ஒரு வக்கீலம்மாள், இது தீர்ப்பு இல்லை, கட்சித் தீர்மானம் என்றாள். அதற்கு எதிரே இருந்தவன், உனக்குக் கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லை போல என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சத்தத்தைக் குறைத்தேன், குக்கர் சத்தம் கேட்கவில்லை.

சாயந்திரம் நகல் கொடுத்தார்கள். நூற்றுப் பதினாலு பக்கம். எண்பத்தேழாம் பக்கத்தில் நான் இருக்கிறேன். பெயர் இல்லை. "இந்நீதிபதியின் குடும்பத்தைச் சேர்ந்த, இறைப்பற்றுள்ள ஒரு பெண்மணி" என்று இருக்கிறது. மனுதாரர் அவரைக் கோயிலில் வழிமறித்து வழக்கைப் பற்றிப் பேசியது, பிறர் தூண்டுதலுக்கு எளிதில் இணங்கும் பக்குவமின்மையைக் காட்டுகிறது, இத்தகைய பெண்களுக்குப் பெற்றோர் காவல் எவ்வளவு அவசியம் என்பதற்கு மனுதாரரே சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள். வார்டன் அன்னத்தாய் மேல் துறை நடவடிக்கை. பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் தெற்குப் பிராகாரத்தை வடக்கு என்று போட்டிருக்கிறார்கள்.

சொன்னேன். "திசை முக்கியமில்ல" என்றார்கள்.

கிணறு ஒரு வரியில் வருகிறது. "ஆதாரமற்ற அச்சம்."

அச்சில் என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

காப்பக வாசலில் அந்தப் பெண்ணைத் தகப்பனாரிடம் ஒப்படைத்ததை டீவியில் காட்டினார்கள். போலீஸ் பதினொரு பேர், பெண் போலீஸ் நாலு. வண்டியில் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக எடுத்தார்கள். நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தக்கூடாது, வாடிவிடும்.

புரட்டாசி 10, வெள்ளி

ஆவுடை பேசினாள். அப்பாவிடம் கொடுக்காதே என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு வரமாட்டாளாம். என்ன வேலை என்று கேட்டேன்.

"வேலையில்லம்மா. நம்ம ஊர்ல எறங்குனா நான் திரும்பி வாரதுக்கு அப்பா கையெழுத்து வேணும்லா. அதான்."

அப்பா போடமாட்டாரா என்றேன்.

"போடலைன்னா?"

நான் சொல்லிப் போட வைக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "நீ சொன்னதத்தாம்மா எம்பத்தேழாம் பக்கத்துல படிச்சேன்" என்றாள்.

படிக்க வைத்தது தப்பு என்று இவர்கள் எப்போதாவது சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. இன்று கைமுறுக்கு சுற்ற மாவு இடித்து வைத்திருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த வீட்டு நீதிபதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்களுக்கு மூன்றும் பையன்கள்.

புரட்டாசி 18, சனி

அண்ணாச்சி இனிப்போடு வந்தார்கள். இந்தத் தடவை கரை வேட்டிதான். தீர்ப்பை வைத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் அதே சட்டத்தைக் கொண்டுவரப் போகிறார்களாம். ஒரு மாகாணத்துக் கோர்ட்டு சரி என்று சொன்ன பிறகு வாயைத் திறக்க யாருக்கும் யோக்கியதை இல்லை, தைக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அப்படியானால் புனாவுக்கும் வருமா என்று கேட்டேன்.

"புனா என்ன மதினி, காசிக்கே வரும்."

இவர்களுக்குக் கவர்னர் பதவி உறுதி. எந்த ஊர் என்று மட்டும் பாக்கி.

அண்ணாச்சி போன பிறகு இவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நல்ல மனநிலை. நான் பக்கத்தில் நின்று, எல்லாம் அம்மன் சித்தம், அன்றைக்கு வெள்ளையைக் காட்டினாளே என்றேன். இவர்கள் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான இருந்துது?" என்றார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாமலா ஒன்னையக் கெட்டச் சொன்னேன்? நான் கெட்டியிருந்தா ஒண்ணுல சேப்பு வச்சிருப்பேன்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஊஞ்சலை ஆட்டினார்கள்.

அப்படியென்றால் அது யார் பாவம் என்று சாப்பாடு முடிகிற வரை யோசித்தேன். நான் கட்டினேன், இவர்கள் எடுத்தார்கள். அம்மன்தான் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். வந்ததை எழுதிப் பழகிய கை.

இனிப்பு: அரைக் கிலோ லட்டு, அரைக் கிலோ பாதுஷா.

புரட்டாசி 25, சனி

மூன்று வாரமாகத் தெற்குப் பிராகாரம் வழியாகப் போவதில்லை. தரை வழுக்குகிறது.

ஐப்பசி 9, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு அரிசி மில்காரர் குடும்பத்தோடு வந்தார். போன திங்கட்கிழமை கல்யாணம் முடிந்ததாம். மகளைத் திருப்பித் தந்த தெய்வத்தின் காலில் விழாமல் மறுவீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று கூட்டி வந்திருக்கிறார். தாம்பாளத்தில் பழம், வேட்டி, புடவை. இவர்கள் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீதிபதி எதையும் வாங்கக்கூடாது என்று அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். மில்காரர் கண்கலங்கிவிட்டார். "இப்பிடி மனுசாளு இருக்கப்போயிதான் மழ பெய்யுது" என்றார்.

மாப்பிள்ளைக்கு நாற்பது இருக்கும். அடக்கமான பேச்சு. கையெல்லாம் பெரிய கை. கல்யாணம் ஆகிவிட்டதால் இனித் தகப்பனார் கையெழுத்து தேவையில்லை, எல்லாம் இவன் பொறுப்பு என்று மில்காரர் சொன்னபோது, மாப்பிள்ளை மட்டும் தலையாட்டினான்.

வடிவு பட்டுப் புடவையில் இருந்தாள். தலைநிறையப் பூ. விழச் சொன்னதும் இவர்கள் காலில் விழுந்தாள், எழச் சொன்னதும் எழுந்தாள். பெண்ணைப் பூசையறைக்கு அழைத்துப் போய்க் குங்குமம் கொடுங்கள் என்றாள் அவள் தாயார். பின்னாலேயே வரப் பார்த்தாள். அங்கே மூன்று பேர் நிற்க இடமில்லை என்று சொல்லி நிறுத்தினேன். உண்மையிலேயே சின்ன அறைதான்.

உள்ளே வந்ததும் நான் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். உன்னிடம் சொன்னபடி ஐயாவிடம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை, மணி நேரம் முதற்கொண்டு சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை.

அவள் அம்மன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஆசீர்வாதம் பண்ணிராதிய அம்மா," என்றாள், சன்னமாக. "ஒங்க சாமி நீங்க சொல்லுத மாதிரியே கேக்கும் போல இருக்கு."

வெளியே மில்காரர் இவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தாயார் வாசல் பக்கம் வந்து, "ஏட்டி, அம்மா கால்ல விழுந்தியா?" என்றாள். வடிவு விழுந்தாள்.

வீடு தேடி வந்த சுமங்கலியை வாழ்த்தாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தேன், வகிட்டிலும் வைத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "தீர்க்க சுமங்கலியா இரு. நூறு வயசு வரைக்கும் மாப்பிள்ளைய விட்டு ஒருநாள்கூடப் பிரியாம இரு" என்று சொன்னேன்.

அப்போதுதான் அவள் அழுதாள்.